செவ்வந்தியின் பூர்வீகம்

சென்னையில் கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கிறவர்களுக்கு இரண்டு பேச்சு கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். "இந்த வெயில்ல இது எப்படி சார் தாங்குது?" என்பது ஒன்று. "குட்டி போட்டா சொல்லுங்க" என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள்தான் கேட்பார், அதுவும் ஒரே மூச்சில்.

எங்கள் பெட்டை பெயர் செவ்வந்தி. அவளுடைய பெடிகிரி, அதாவது வம்சாவளிக் காகிதத்தில் நான்காம் தலைமுறையில் ஒரு ஸ்காட்லாந்து நாய் இருக்கிறது. குட்டி வியாபாரத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு 2016-இல் அரசு தடை போட்டது. அதற்கு முன்னால் யாரோ ஆசைப்பட்டு வரவழைத்த கடுவன் அது. அதன் இடுப்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோல்டன்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் குறை பரம்பரையாக வருவது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும் நாய் ஐந்து வயதில் படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்து அனுப்பினால் நிபுணர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு பக்கத்துக்குப் பூஜ்யத்திலிருந்து 53 வரை, இரண்டு பக்கமும் சேர்ந்தால் 106. எண் குறையக் குறைய இடுப்பு நல்லது. பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு நேர் எதிர். அங்கே நாய்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப்பின் இணையதளத்தில் நாயின் பதிவுப் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடுவனுக்கு நல்ல எண்தான் வந்திருந்தது. ஆனால் ஒரு நாயின் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூடப் பிறந்ததுகள் எப்படி, பெற்றதுகள் எப்படி என்று பார்க்க வேண்டும். அதனால் அதை வளர்த்து விற்ற அம்மாவுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

பதிலாக அவர் அனுப்பியது ஒரு நோட்டுப் பக்கத்தின் புகைப்படம். அந்த ஈத்தில் பிறந்த எல்லாக் குட்டிக்கும் ஒவ்வொரு வரி. எந்த ஊருக்குப் போனது, இடுப்பு எவ்வளவு, முழங்கை எவ்வளவு, கண் பரிசோதனை எந்தெந்த வருஷம், எப்போது செத்தது, எதனால் செத்தது. இந்தியாவுக்கு வந்த குட்டியின் வரியில் கடைசி இரண்டு கட்டங்கள் காலி. "உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நிரப்பிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். விசாரித்துச் சொன்னேன். அப்படி ஆரம்பித்த கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கில் நீண்டது. ஒருநாள், "இவ்வளவு கேட்கிறீர்களே, ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று எழுதினார். அவர் இருப்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஸ்ட்ராத்கிளாஸ் பள்ளத்தாக்கில். கோல்டன் ரெட்ரீவர் என்ற இனமே பிறந்த டோமிக் கிராமம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"நாய் பாக்கவா அவ்ளோ தூரம்? நம்ம நாயே கட்டிலுக்கு அடியில படுத்திருக்கே" என்றாள் மனைவி. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்தது. எடின்பரோ, ஒரு கோட்டை, ஒரு ஏரி அவளுக்கு. மிச்சம் எனக்கு. செவ்வந்தி மைத்துனன் வீட்டுக்கு.

எடின்பரோவில் கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கியபோது, அவள் பங்கிலேயே எனக்கும் ஒரு நாய் கிடைத்தது. கிரேஃப்ரையர்ஸ் பாபி. தெருமுனையில் ஒரு தூணின்மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்கை டெரியர் சிலை. 1858-இல் இறந்துபோன காவல்காரர் ஜான் கிரேயின் கல்லறையை விட்டு நகராமல் 14 வருஷம் காத்திருந்து 1872-இல் செத்ததாகச் சொல்லப்படும் நாய். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் மூக்கைத் தடவித் தடவிக் கறுப்புப் பூச்சு போய்ப் பித்தளைபோல் மின்னுகிறது. தடவாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கெஞ்சியும் யாரும் கேட்பதாக இல்லை. ஜான் போண்டசன் என்ற ஆய்வாளர் 2011-இல் எழுதிய நூலில் இது ஒரே நாய் இல்லை, ஒன்று செத்ததும் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்கிறார். பாபியைப் பார்க்க வருகிற கூட்டத்தால் பக்கத்து உணவு விடுதிக்கு நல்ல வியாபாரமாம். இதை மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு எதையும் ரசிக்கவே தெரியாதா?" என்றாள்.

அந்தச் சிலைக்குக் காசு கொடுத்தவர் கூட்ஸ் வங்கிக் குடும்பத்துச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோல்டன் இனத்தை உண்டாக்கிய மனிதரும் அதே வங்கியின் நிழலில் வளர்ந்தவர்தான். டட்லி கூட்ஸ் மார்ச்பேங்க்ஸ், பின்னாளில் முதலாம் ட்வீட்மவுத் பிரபு. அவருடைய அப்பா கூட்ஸ் வங்கியில் பங்குதாரர். மகன் பீர் ஆலைப் பங்கிலும் அரசியலிலும் இருந்துகொண்டு 1850களில் வடக்கே கூசகன் என்ற எஸ்டேட்டை வாங்கினார். வேட்டைக்குப் போகவர ஒரு காடு. நாய்கள் அங்கேதான் வருகின்றன.

இன்வர்னஸ் ரயில் பெர்த், பிட்லாக்ரி தாண்டி மலைக்குள் ஏறுகிறது. ஜூலை மாதம், இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம். அடுத்த நாள் லாக்நெஸ் ஏரியும் அர்கட் கோட்டையும் மனைவியின் கணக்கில் முடிந்தன. ஏரி பெரிதுதான். அதற்குள் இருப்பதாகச் சொல்கிற பூதம் வரவில்லை. கோட்டை பாதி இடிந்தது, மீதியும் இடிந்துகொண்டிருக்கிறது. கடையில் பூத பொம்மை வாங்கினோம்.

அதற்கு மறுநாள் காலை அந்த அம்மா தன் பழைய வேனில் எங்களை அழைத்துப்போக வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவமனைச் செவிலியர். கை குலுக்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "செவ்வந்திக்கு இந்த வருஷம் கண் பார்த்தாச்சா?" கோல்டன்களுக்கு நடுவயதுக்கு மேல் கண்ணுக்குள் ஒருவகை அழற்சி வரும், பார்வையே போய்விடும். சின்ன வயதில் ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டால் பிடிபடாது, வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பார்த்தாச்சு, வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலில் ஐந்து நாய்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டன. எனக்கு முதலில் ஒரு தடுமாற்றம். நம் ஊரில் கோல்டன் என்றால் வெளுத்த கிரீம் நிறம், பெரிய தலை, குட்டையான கால், தரையைக் கூட்டுகிற ரோமம். இவையோ கருக்கிய நெய்யின் நிறத்தில், ஒல்லியாக, நீண்ட கால்களோடு இருந்தன. கண்காட்சிக்கு வளர்க்கும் வழியும் வேலைக்கு வளர்க்கும் வழியும் பிரிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. இவை வேலைக்காரக் குடும்பம். ஒரு பெட்டை வீட்டுக்குள் ஓடிப்போய் எதையோ வாயில் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி மனைவியிடம் வந்தது. அவள் வாசலில் கழற்றிவிட்ட செருப்பு. பதறிப்போய்ப் பிடுங்கினாள். புது செருப்பு; திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பல் தடம் இல்லை, கொஞ்சம் எச்சில் மட்டும்.

"அதுதான் வரவேற்பு. கையை வீசிக்கொண்டு விருந்தாளியைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவள் கொள்கை" என்றார் அந்த அம்மா. செவ்வந்தியும் இதைச் செய்வாள், தலையணை உறையோடு. சுட்டு விழுந்த பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து கையில் கொடுப்பதற்காகப் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்த வாய் அது. பறவையே பார்க்காத மேடவாக்கத்திலும் அந்த வாய் சும்மா இருப்பதில்லை.

தேநீர் குடித்துக்கொண்டே நோட்டுகளை எடுத்துப் போட்டார். மேஜை நிறைய. நாற்பது வருஷத்துக்கு மேல் நாய் வளர்த்தவர், எடுத்த ஈத்துகள் ரொம்பவும் குறைவு. கென்னல் கிளப் ஒரு பெட்டைக்கு நான்கு ஈத்துக்கு மேல் பதிவு செய்வதில்லை. இவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார், பல பெட்டைகளுக்கு ஒன்றுகூட இல்லை. இணை சேர்க்கலாம் என்று நினைத்து, எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வேண்டாமென்று விட்ட நாய்களுக்குத் தனி நோட்டு. அது மற்ற நோட்டுகளைவிடத் தடிமன். நம் ஊரில் பிரீடர் என்றால் குட்டி எடுப்பவர். இந்த அம்மாவின் தொழில் முக்கால்வாசி குட்டி எடுக்காமல் இருப்பதுதான்.

புற்றுநோய் என்று எழுதியிருந்த வரிகள் நிறைய. கோல்டன் வளர்ப்பவர்கள் பேச விரும்பாத விஷயம் இது. அமெரிக்காவில் மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012 முதல் 3,000-க்கும் மேற்பட்ட கோல்டன்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து கவனித்துவருகிறது, முக்கியமாக இந்த ஒரு காரணத்துக்காக. அந்த அம்மா ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "இவன் ஏழு வயதில் காலையில் வேலைக்கு வந்தான், மத்தியானம் இல்லை" என்றார். மண்ணீரலில் கட்டி. உள்ளேயே வெடித்துவிட்டதாம். பக்கத்தைத் திருப்பிவிட்டு, "வாங்க, மழை வருவதற்குள் போய்விடுவோம்" என்று எழுந்தார்.

டோமிக் ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த கல் வீடுகள். பிரபு தன் ஆட்களுக்காகக் கட்டிக்கொடுத்த ஊர். ஊருக்குள் ஒரு கோல்டன் சிலை இருக்கிறது, 2014-இல் வைத்தது. இதன் மூக்கை யாரும் தடவிப் பளபளப்பாக்கவில்லை. அவ்வளவு கூட்டம் இங்கே வருவதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, கோல்டன்களின் சங்கமம் நடக்கும்போது மட்டும் வரும். 2018-இல் 361 கோல்டன்கள், 2023-இல் 466. பிரபுவின் இடிந்த மாளிகைக்கு முன்னால் அத்தனையும் ஒரே படத்துக்கு உட்கார்ந்ததாம். "குரைப்புச் சத்தம் காதைக் கிழித்திருக்குமே" என்றாள் மனைவி. "கேட்டால் நம்பமாட்டீர்கள், சண்டையே இல்லை. மனுஷர்கள்தான் கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போட்டார்கள்" என்றார் அந்த அம்மா.

ஊரிலிருந்து காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் கூசகன் மாளிகை. மாளிகை என்று சொல்ல வெறும் சுவர்கள்தான். 1930களில் வாங்கிய ஒரு சீமாட்டி, அதைப் பாழடைய விட்டுவிட்டார். கூரையைக் கழற்றி உள்ளே இருந்ததையெல்லாம் விற்றதாகச் சொல்கிறார்கள். இப்போது சன்னல் ஓட்டைகளில் மரம் முளைத்திருக்கிறது, சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு இந்தப் பக்கம் செம்மறிகள். நாய்கள் ஐந்தும் ஆடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாவின் காலடியிலேயே வந்தன. செவ்வந்தியாக இருந்தால் என் தோள்பட்டை கழன்றிருக்கும்.

அங்கே நின்றுகொண்டு அவர் சொன்ன கதை நான் முன்பே படித்ததுதான் என்றாலும், இடத்தில் வைத்துக் கேட்பது வேறு.

முதலில் பொய்க்கதை. ரொம்ப நாளாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தது. பிரபு 1858-இல் பிரைட்டன் கடற்கரை ஊரில் சர்க்கஸ் பார்க்கப் போகிறார். ரஷ்ய நாய்கள் வித்தை காட்டுகின்றன. பெரிய, மஞ்சள் நிற, அபார அறிவுள்ள நாய்கள். ஒரு ஜோடி கேட்கிறார். பிரித்தால் வித்தை போய்விடும் என்கிறான் சர்க்கஸ்காரன். அப்படியானால் எட்டையும் கொடு என்று வாங்கிவந்துவிடுகிறார். அவற்றின் வம்சம்தான் கோல்டன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நிஜத்தில் பிரபு ஒரு கணக்குப் பைத்தியம். 1835-இல் தொடங்கி 1890 வரைக்கும் தன் நாய்களை எழுதிவைத்த ஏடு ஒன்று இருந்தது. அவருடைய மருமான் வழியில் வந்த இல்செஸ்டர் பிரபு 1952-இல் அதிலுள்ள விவரங்களை ஒரு பத்திரிகையில் எழுதினார். அதில் சர்க்கஸும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. 1865-இல் பிரைட்டனில் வாங்கிய 'நூஸ்' என்ற ஒற்றை மஞ்சள் கடுவன் இருக்கிறது. கறுப்புக் குட்டிகளின் ஈத்தில் தப்பிப் பிறந்த மஞ்சள். ஒரு செருப்புத் தைப்பவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். ஆக, பிரைட்டன் மட்டும் கதையிலும் உண்மை, ஏட்டிலும் உண்மை. 1868-இல் நூஸை 'பெல்' என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியல் பெட்டையோடு சேர்த்தார். ட்வீட் ஆற்றங்கரையில் தண்ணீர் வேலைக்கு வைத்திருந்த நாய் வகை அது, இன்றைக்கு அற்றுப்போய்விட்டது. நான்கு மஞ்சள் குட்டிகள். குரோக்கஸ், கௌஸ்லிப், பிரிம்ரோஸ், ஏடா. நான்காவதை விட்டால் மற்ற மூன்றும் பூப்பெயர்கள். செவ்வந்தி என்றால் எங்கள் ஊர்ப் பூ என்று நான் சொன்னபோது அந்த அம்மா ஏன் அவ்வளவு மகிழ்ந்துபோனார் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த மஞ்சள் நிறம் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் குட்டி மஞ்சளாகும். நிறத்தைத் தக்கவைக்கக் கிட்டத்து ரத்தத்திலேயே திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் குறைகளும் கூடவே இரட்டிக்கும். பிரபுவுக்கு மரபணு தெரியாது, ஆனால் ஏடு தெரியும். கௌஸ்லிப்பை இன்னொரு ட்வீட் ஸ்பானியலோடு சேர்த்தார், பிறகு கறுப்பு ரெட்ரீவர், ஒரு செந்நிற செட்டர் என்று வெளி ரத்தம் கொண்டுவந்தார். இருபது வருஷம். வேட்டைத் துப்பாக்கிகள் பின்பக்கம் குண்டு நிரப்புவதாக மாறிய காலம் அது. சுடுவது வேகமாகிவிட்டது, பறவைகள் தூரத் தூரமாக விழத் தொடங்கிவிட்டன. காயம்பட்டு ஏரிக்குள்ளும் புதருக்குள்ளும் விழுந்ததைத் தேடி எடுத்துவர ஒரு நாய் தேவைப்பட்டது. கென்னல் கிளப் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தது 1913-இல்தான். பிரபு செத்து அப்போது 19 வருஷம் ஆகியிருந்தது.

எனக்குச் சர்க்கஸ் கதையைவிட இந்தக் கதை பிடித்திருக்கிறது. சர்க்கஸ் கதையில் பிரபு செய்த ஒரே காரியம் பணம் கொடுத்தது. காசைக் கொட்டினால் அபூர்வம் கையில் வந்துவிடும் என்பதுதானே நம் ஊர்க் குட்டிச் சந்தையும் சொல்வது?

மாளிகையிலிருந்து மேலே ஏறினால் பிளாடா அருவி. 46 மீட்டர். அருவியின் தலைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பலகை மேடையில் நின்று கீழே பார்க்கலாம். மனைவி போய் நின்றாள், நான் போகவில்லை. சுற்றிலும் டக்ளஸ் ஃபிர் மரங்கள், பிரபு காலத்தில் வைத்தவை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இந்த இடத்தைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதியிருப்பேன், மிட்ஜ் பூச்சிகள் மட்டும் விட்டிருந்தால். குண்டூசித் தலை அளவுகூட இல்லாத, கொசு மாதிரி ஒரு பூச்சி. காற்று நின்ற நிமிஷத்தில் மேகம்போல் வந்து காதுக்குள், இமைக்குள், சட்டைக் காலருக்குள் எல்லாம் புகுந்து கடிக்கிறது. நம் ஊர்க் கொசு ஒரு நாகரிகமான பிராணி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஏரிக்கரையில் வேனை நிறுத்தினார். தண்ணீரில் விரலை விட்டேன், எலும்பு வலித்தது. ஜூலை மாதத்தில்! அந்த அம்மா கான்வாஸ் உருளை ஒன்றை எடுத்தார். அரைக்கிலோ இருக்கும், பறவைக்குப் பதிலாகப் பழக்குவதற்கு வைத்திருப்பது. இரண்டு வயதுக் கடுவன் ஒன்றை உட்காரவைத்துவிட்டு, அது பார்க்காத திசையில் நாணல் தாண்டி வீசினார். நாய்க்கு ஒன்றும் தெரியாது. கையை ஒரு தடவை நீட்டினார், பாய்ந்து தண்ணீரில் விழுந்தது. பாதி வழியில் இடது பக்கம் ஒதுங்கியது. ஒரு விசில், நீந்திக்கொண்டே திரும்பிப் பார்த்தது. இவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார், அது வலது பக்கம் திரும்பியது. நாணலுக்குள் போய்க் காணாமல் போனது. கொஞ்ச நேரம் நாணல் மட்டும் ஆடியது. பிறகு உருளையோடு தலை வெளியே வந்தது.

கரை ஏறியதும் உதறாமல் நேரே வந்து உட்கார்ந்து, தலையை நிமிர்த்திக் கையில் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் உதறியது, எங்கள் எல்லார் மேலும்.

"இங்கே வாங்க, கையைக் கொடுங்க" என்று என் விரல்களைப் பிடித்து அதன் முதுகில் வைத்தார். மேல்முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை விலக்கி உள்ளே விட்டால் பஞ்சுபோல் அடர்ந்த உள்முடி. அதன் நுனி மட்டும் ஈரம். இன்னும் கீழே, தோலைத் தொடும் இடத்தில், காய்ந்திருந்தது. சூடாகக்கூட இருந்தது. அந்த ஐஸ் தண்ணீரில் அவ்வளவு நேரம் நீந்திவந்த நாய்.

நான் செவ்வந்தியின் முதுகில் எத்தனையோ தடவை இதே மாதிரி விலக்கிப் பார்த்திருக்கிறேன். உண்ணி தேடுவதற்காக. அல்லது மழைக்காலத்தில் ஈரம் காயாமல் புண் வைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கோடையில் மொட்டை அடித்துவிடச் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. அடிக்கவும் கூடாது, அந்த முடிதான் வெயில் நேரே தோலில் படாமல் காப்பதும். சில நாய்களுக்கு அடித்தால் பழையபடி வளர்வதுமில்லை. எங்கள் வீட்டில் மார்ச் முதல் ஜூலை வரை மின்கட்டணத்தில் பெரும்பங்கு அந்த உள்முடிக்குத்தான் போகிறது. ஏசி அறையில் ஓடுகல் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடப்பாள்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் என்னிடம் கேட்டாள். "ஏங்க, நாம செவ்வந்தியை வச்சுக் கஷ்டப்படுத்தறோமா?" அந்த அம்மாவுக்கு மொழி புரியவில்லை, ஆனால் செவ்வந்தி பெயரும் மனைவியின் முகமும் போதுமானதாக இருந்தது. "அவள் உங்களோடு நன்றாகத்தான் இருப்பாள். இருக்கிற நாயைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இனிமேல் பிறக்கப்போகிறதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்" என்றார்.

அன்று மாலை நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். அடுத்த ஈத்தில் எனக்கு ஒரு குட்டி வேண்டும். வியாபாரத்துக்கு இல்லை, வளர்ப்புக்கு. எவ்வளவு காகிதம் வேண்டுமானாலும் பூர்த்தி செய்கிறேன்.

"தரமாட்டேன்" என்றார். தட்டில் இருந்த பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷக் கடிதம், இவ்வளவு தூரப் பயணம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நாய் இல்லாத நாளில்லை என்றேன். முன்பு ஒரு கடுவனை இந்தியாவுக்கு அனுப்பினீர்களே என்றும் கேட்டேன். "அனுப்பினேன். அதனால்தான்" என்றார். அந்தக் கடுவனின் இரண்டு கட்டங்களை நிரப்பிக்கொடுத்தவன் நானே. கண்ட பெட்டைகளோடெல்லாம் சேர்த்து, கடைசியில் வெயில் தாக்கி ஒரு மே மாதத்தில் செத்துப்போன நாய். அவருடைய நாய் வம்சத்தில் ஒரு துளி இப்போது சென்னை முழுக்கப் பரவியிருக்கிறது, எதற்கும் எக்ஸ்ரே கிடையாது.

நான் விடவில்லை. சென்னையில் இப்போது இருக்கிற கோல்டன்களை என்ன செய்வது? யாராவது ஒழுங்காகச் செய்தால்தானே மாறும்? நல்ல ரத்தம் வராமல் எப்படி மாறும்? இதில் எனக்கு இன்றைக்கும் அவரோடு முழு உடன்பாடு இல்லை. ஆளே வராத வாசலை மூடிவைப்பது சுலபம். கூட்டம் முட்டிமோதுகிற வாசலில் நின்று பார்த்தால் தெரியும். கிரீம் நிறக் குட்டி இருக்கா, எவ்வளவு, இன்றைக்கே கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் தினம் வருகிறார்கள். நான் கொடுக்காவிட்டால் கூண்டில் வைத்து வருஷத்துக்கு இரண்டு ஈத்து எடுக்கிறவர் கொடுக்கப்போகிறார்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, செவ்வந்திக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா?" என்றார். இன்னும் இல்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன் என்றேன். "எடுத்து அனுப்புங்கள். அதிலிருந்து பேசுவோம்."

ஊர் திரும்பி எடுத்தோம். மயக்கம் கொடுத்து, மல்லாக்கப் போட்டு, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டிப் பிடித்து எடுக்க வேண்டிய படம். இடது பக்கம் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் பாதிதான் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தே சொல்லிவிட்டேன், மருத்துவரும் அதையே சொன்னார். நடையில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டு, வழுக்கும் தரையில் பாய் விரித்து, நீந்தவிட்டால் ரொம்ப வருஷம் ஓட்டலாம். குட்டி மட்டும் எடுக்கக்கூடாது. படத்தை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினேன். எந்த நோட்டில் எழுதிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கருத்தடை அறுவைக்கு எந்த மாதம் நல்லது, நீச்சலுக்கு எங்கே அழைத்துப்போகப் போகிறீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நாய்களுக்கான குளம் ஒன்று கண்டுபிடித்து வாரக் கடைசியில் போய்வருகிறோம். உருளையை வீசினால் எடுத்துவருகிறாள். கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே உதறிவிடுகிறாள், அதை இன்னும் திருத்த முடியவில்லை.

டோமிக் போக நினைக்கிறவர்களுக்கு: இன்வர்னஸிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பேருந்து அரிது. கார் ஓட்டத் தெரிந்தால் வாடகைக்கு எடுத்துவிடுங்கள், கேனிக் தாண்டியதும் சாலை ஒரு வண்டி அகலம்தான், எதிரே வருகிறவருக்காக ஒதுங்கி நிற்க ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். அப்படியே கிளென் ஆஃப்ரிக் காட்டையும் பார்த்துவிடலாம், பழைய பைன் மரங்கள், உள்ளே நாய் அருவி என்றே ஓர் அருவி. நாய்ச் சங்கமம் பார்க்க வேண்டுமென்றால், ஐந்து வருஷக் கணக்குப்படி அடுத்தது 2028 கோடை. அறைக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். பூச்சிக்கு முகவலை இன்வர்னஸிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மே கடைசியிலோ செப்டம்பர் பாதிக்கு மேலோ போனால் அதுவும் அவ்வளவாகத் தேவைப்படாது.